கால்ல விழுந்தது போதும்... காலைக் கொஞ்சம் பாருங்க!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்க வீட்டு ஹால்ல வெள்ளை மொசைக் தரை. அதுல சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளிகள். கோலத்துக்கு வெச்ச புள்ளி மாதிரி, வாசப்படியில ஆரம்பிச்சு சோபா வரைக்கும் வரிசையாப் போயிருந்தது. சோபாவுல அப்பா. கையில பேப்பர்.

"அப்பா, கால்ல என்னப்பா?"னு தங்கச்சி அலறினா.

"கால்ல என்ன... ஒண்ணுமில்லையே!"

வாசல்ல கழட்டிப் போட்டிருந்த ரப்பர் செருப்பை எடுத்துப் பார்த்தேன். அடியில ஏறின ஒரு ஆணி, மேல் பக்கம் எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தது. அந்தச் செருப்போட அப்பா மார்க்கெட் வரைக்கும் நடந்திருக்கார். கத்திரிக்கா பேரம் பேசியிருக்கார். டீக்கடையில நின்னு அரை மணி நேரம் அரசியல் அலசியிருக்கார். திரும்பவும் நடந்தே வந்திருக்கார்.

"வலிக்கலையாப்பா?"

"இல்லையே... நமக்கெல்லாம் அந்தக் காலத்து உடம்புடா!"

பெருமையாச் சிரிச்சார். நாங்களும் சிரிச்சோம். மஞ்சத்தூளை அப்பிட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டோம். அப்பாவுக்கு அப்போ சர்க்கரை வந்து 12 வருஷம்.

அஞ்சாம் நாள் செருப்புக்குள்ள கால் நுழையலை. ஆறாம் நாள் ரூமுக்குள்ள ஒரு வாடை. ஏழாம் நாள் ஆஸ்பத்திரி. மூணு வாரம் கழிச்சு அப்பா வீட்டுக்கு வந்தப்போ வலது கால்ல ரெண்டு விரல் இல்லை. "காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும், தப்பிச்சிட்டார்"னு சொன்ன டாக்டர், என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது, செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடந்திருக்காரா?"

நடந்திருக்கார். ஆறு மாசம் முன்னாடி, ஒத்தைச் செருப்போட கல்யாண மண்டபத்துக்குள்ள வந்தார். 'ஞாபகமறதி புரொஃபசர்'னு பேர் வெச்சு ஊரைக் கூட்டிச் சிரிச்சது வேற யாரும் இல்லை, நான்தான். அப்போ நான் செகண்ட் இயர். அது மறதி இல்லை, கால்ல உணர்ச்சியே போயிடுச்சுன்னு அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லலை.

அதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ்!

எங்க வீட்டுக் கதை மட்டுமா?

'சுகர் எல்லாம் பெருசுங்க மேட்டர் பாஸ், நமக்கு எதுக்கு?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ஒரே ஒரு வேலை செய்ங்க. அடுத்த ஃப்ரீ பீரியட்ல 'யார் வீட்டுல எல்லாம் சர்க்கரை இருக்கு?'ன்னு கேட்டு, கை தூக்கச் சொல்லுங்க. எண்ணி முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்தின ஆய்வு 2023-ல் வெளியாச்சு. அதோட கணக்குப்படி இந்தியாவுல சர்க்கரை நோய் இருக்கிறவங்க 10.1 கோடிப் பேர். சர்க்கரை வரப்போற எல்லைக்கோட்டுல நிக்கிறவங்க இன்னும் 13.6 கோடி.

சர்க்கரை இருக்கிறவங்கள்ல ஐந்துல ஒருத்தருக்காவது, வாழ்நாள்ல ஒரு தடவை கால்ல ஆறாத புண் வரும்னு மருத்துவ உலகம் சொல்லுது. மூணுல ஒருத்தருக்கு வரைக்கும் வரலாம்னும் ஒரு மதிப்பீடு உண்டு. சர்க்கரையால கால் எடுக்கப்பட்டவங்களோட கதையைப் பின்னாடி ஓட்டிப் பார்த்தா, சுமார் 85 சதவிகிதம் ஒரு புண்ணுலதான் ஆரம்பிச்சிருக்கு. 2005-ல் உலக நீரிழிவு தினத்தோட தலைப்பே பாதப் பராமரிப்புதான். 'உலகத்துல எங்கேயோ 30 நொடிக்கு ஒரு கால் பறிபோகுது'ன்னு 'லான்செட்' மருத்துவ இதழ் எழுதி அதிர வெச்சதும் அதே வருஷம்தான்.

கொடுமை என்னன்னா, இதுல பெரும்பகுதி தடுக்கக்கூடியது. அதுக்கு வேண்டியது ரெண்டு கண்ணும் ஒரு ஆள்காட்டி விரலும்தான். அது உங்களோடதா இருந்தா இன்னும் நல்லது. ஏன்னு சொல்றேன்.

கொல்லிமலைக்காரர் கண்டுபிடிச்ச ரகசியம்

'வலி இல்லாத வாழ்க்கை வேணும்'னு எல்லாரும் சாமி கும்பிடறோம். 'வலி கடவுள் கொடுத்த கிஃப்ட்'னு ஒருத்தர் சொன்னார். அவர் பொறந்தது நம்ம கொல்லிமலையில!

பேர் பால் பிராண்ட். மலைவாழ் மக்கள்கிட்ட வேலை செய்ய வந்த ஆங்கிலேய மிஷனரித் தம்பதியோட பிள்ளை. 1914-ல் பொறந்தார். லண்டன்ல படிச்சு சர்ஜன் ஆகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோய் வந்தவங்களோட விரல் 'அழுகி உதிருது'ன்னு உலகமே நம்பிக்கிட்டு இருந்த நேரம் அது. பிராண்ட் உட்கார்ந்து கவனிச்சுப் பார்த்தார். விரல் தானா உதிரலை. வலி தெரியாததால அவங்களே அறியாம காயப்படுத்திக்கிறாங்க. சூடான பாத்திரத்தை வெறுங்கையால தூக்குறது, ஆணி குத்தின காலோடயே நடக்குறதுன்னு ஒவ்வொண்ணா பிடிபட்டுச்சு.

ராத்திரி தூங்கி எழுந்தா விரல் நுனி காணோம்னு சிலர் வந்தாங்க. ராத்திரி கண் முழிச்சுக் காவல் இருந்து பார்த்தப்போ உண்மை தெரிஞ்சது: எலி! தூக்கத்துல எலி கடிக்குது, அவங்களுக்கு உறைக்கவே இல்லை. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற நோயாளிங்க கையில மருந்தோட ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினாராம்.

ஒரு தடவை லண்டன்ல, நீண்ட ரயில் பயணம் முடிஞ்சு ராத்திரி சாக்ஸைக் கழட்டினார் பிராண்ட். குதிகால்ல உணர்ச்சியே இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். ஒண்ணும் தெரியலை. 'நமக்கும் தொழுநோய் வந்துடுச்சு'ன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்லை. காலையில நடுங்கிக்கிட்டே மறுபடி குத்தினார். 'ஆ'ன்னு கத்தினார்! ரயில்ல ஒரே மாதிரி உட்கார்ந்ததுல நரம்பு அமுங்கி மரத்துப்போனதுதான் விஷயம். அந்த 'ஆ'தான் தன் வாழ்க்கையில கிடைச்ச பெரிய சந்தோஷம்ங்கிற மாதிரி பிற்காலத்துல எழுதினார்.

1966-ல் அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளோட பாதங்களைப் பார்த்ததும் பொறி தட்டுச்சு. அதே இடம், அதே புண். வேலூர்ல பார்த்த அதே கதை! ரத்த ஓட்டக் குறைவு மட்டுமே காரணம்னு மத்தவங்க நினைச்சுக்கிட்டு இருந்தப்போ, 'உணர்ச்சி இல்லாத கால்ல, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப விழுற அழுத்தமும் குற்றவாளிதான்'னு சொன்னார். புண் மேல பாரம் விழாம கால் முழுக்க ஒட்டின மாதிரி மாவுக்கட்டு போடுற வைத்தியம் சர்க்கரைப் புண்ணுக்குப் பரவினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு இருக்கே, அந்த மெத்து மெத்து ரப்பர் செருப்போட ஆரம்பக் கதையிலயும் வேலூரும் அவரும் இருக்காங்க. 2003-ல் காலமானார்.

அவர் விட்டுட்டுப் போன பாடம் ஒண்ணுதான். வலிக்கிற காலைப் பத்திக் கவலைப்படறோம். கவலைப்பட வேண்டியது வலிக்காத காலைப் பத்தி!

கால்ல என்னதான் நடக்குது?

நம்ம உடம்புலயே நீளமான நரம்பு ஒயர், முதுகுத்தண்டுல இருந்து கால் விரல் வரைக்கும் ஓடுறதுதான். ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்கா அதிகமாவே இருந்தா, முதல்ல அடி வாங்குறது நீளமான ஒயர்தான். அதனாலதான் பிரச்னை கால் விரல்ல ஆரம்பிக்குது. இதுக்குப் பேர் நியூரோபதி. இதுல மூணு லைன் கட் ஆகுது.

முதல் லைன், உணர்ச்சி. ஆரம்பத்துல எரிச்சல், ஊசி குத்தறது, மதமதப்பு. அப்புறம் 'பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு'ம்பாங்க. அதுக்கப்புறம் எதுவுமே தெரியாது. சிலருக்கு எரிச்சல் ஸ்டேஜே வராம நேரா 'சைலன்ட் மோடு'க்குப் போயிடும்.

ரெண்டாவது லைன், தசை. பாதத்துல இருக்கிற குட்டிக் குட்டித் தசைகள் பலம் இழக்கும். விரல்கள் பறவை நகம் மாதிரி வளைஞ்சுக்கும். வளைஞ்ச விரலோட முட்டி செருப்புல உரசும். விரலுக்குக் கீழே இருக்கிற எலும்பு துருத்தி, உள்ளங்கால்ல அழுத்தம் ஏறும்.

மூணாவது லைன், வியர்வை. கால்ல வியர்க்கிறது நின்னுபோய், தோல் வறண்டு, பித்தவெடிப்பு பிளக்கும். கிருமிக்கு அது கேட் திறந்து வெச்ச மாதிரி.

இது போதாதுன்னு ரத்தக்குழாய் அடைப்பு. சர்க்கரையோட பி.பி., கொலஸ்ட்ரால், சிகரெட் எல்லாம் கூட்டணி வெச்சா காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும். ரத்தம் வராத இடத்துக்கு மருந்தும் வராது, எதிர்ப்பு சக்தியும் வராது. கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் வலிக்கும், நின்னா சரியாகும். அது ஒரு அலாரம். ஆனா உணர்ச்சி போனவங்களுக்கு அந்த அலாரமும் அடிக்காம இருக்கலாம்.

ஆக, காயம் பட்டா தெரியாது. தெரியாததால நடந்துக்கிட்டே இருப்பாங்க. நடக்கிறதால ஆறாது. ஆறாததால கிருமி எலும்பு வரைக்கும் இறங்கும். எங்கப்பா விரல் போனது இந்த நாலு படிக்கட்டுலதான்.

ஒரு வணக்கம் வைங்க பார்ப்போம்!

சர்க்கரை நரம்பை மட்டும் இல்லை, மூட்டையும் விட்டு வைக்கறதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். அப்பாவையோ அம்மாவையோ ரெண்டு கையும் சேர்த்து ஒரு வணக்கம் வைக்கச் சொல்லுங்க. முழங்கை ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு, கை நெஞ்சுக்கு நேரா இருக்கட்டும். உள்ளங்கையும் விரலும் இடைவெளி இல்லாம ஒட்டுதா? விரல் மூட்டு நிமிராம நடுவுல சந்து தெரிஞ்சா கவனிக்கணும். டாக்டர்கள் இதைப் 'பிரேயர் சைன்'னு சொல்வாங்க. நாம 'வணக்கம் டெஸ்ட்'னு வெச்சுக்கலாம்.

ஏன் இப்படி? வெல்லப்பாகு ஆறினா கல்லு மாதிரி இறுகுதில்ல? கிட்டத்தட்ட அது மாதிரிதான். தசைநார்ல, மூட்டு உறையில இருக்கிற கொலாஜன்ங்கிற புரதத்தோட வருஷக்கணக்கா சர்க்கரை ஒட்டி ஒட்டி, அது வளையிற தன்மையை இழந்து விறைச்சிடுது. கையைத் தூக்கித் தலை சீவ முடியாத தோள்பட்டை இறுக்கமும் சர்க்கரைக்காரங்களுக்கு மத்தவங்களைவிடப் பல மடங்கு அதிகம். மடக்கின விரல் நிமிராம 'டக்'குனு மாட்டிக்கிறதும் அப்படித்தான்.

'கை விறைச்சா காலுக்கு என்ன?'ங்கறீங்களா? கையில நடக்கிறது கணுக்கால்லயும் கட்டைவிரல் மூட்டுலயும் நடக்கும். நடக்கும்போது கணுக்கால் நல்லா மடங்கணும், கட்டைவிரல் மேல வளையணும். இது ரெண்டும் விறைச்சா, உடம்பு வெயிட் மொத்தமும் விரலுக்குக் கீழே ஒரு சின்ன இடத்துல குத்தும். அந்த இடத்துல தோல் காய்க்கும். காய்ப்பு கல்லு மாதிரி உள்ளே அழுத்தும். அடியில ரத்தம் கட்டும். ஒரு நாள் அது புண்ணா வெடிக்கும். உணர்ச்சி போன காலும் விறைச்ச மூட்டும் ஒண்ணு சேர்றதுதான் டேஞ்சர் காம்பினேஷன்.

சுளுக்குன்னு ஏமாறாதீங்க!

ஒரு பாதத்துக்குள்ள 26 எலும்பு, 30-க்கும் மேல மூட்டு. அந்த மூட்டுகள் அப்படியே நொறுங்கிப்போற ஒரு நிலைமை உண்டு. பேர் ஷார்கோ பாதம். 1868-ல் இதை விவரிச்ச பிரெஞ்சு நரம்பியல் மேதை ழான் மார்ட்டின் ஷார்கோவோட பேர். அவர் பார்த்தது சிஃபிலிஸ் நோய் முத்தி நரம்பு கெட்டவங்களை. சர்க்கரையிலயும் இது வரும்னு 1936-ல் எழுதினார் ஜோர்டன்ங்கிற டாக்டர். இன்னிக்கு இதுக்கு முக்கியமான காரணமே சர்க்கரைதான்.

எப்படி ஆரம்பிக்கும்? படி இறங்கும்போது லேசா மடங்கினது, சின்ன இடறல். ஒரு கால் மட்டும் வீங்கும், சிவக்கும், தொட்டா சுடும். ஆனா வீக்கத்துக்கு ஏத்த வலி இருக்காது. 'சுளுக்கு'ன்னு எண்ணெய் போட்டு உருவுவாங்க. 'யூரிக் ஆசிட்'டுன்னு மாத்திரை போடுவாங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேகூட நார்மல்னு சொல்லிடலாம். அந்தக் கால்லயே நடக்க நடக்க, உள்ளே எலும்பு உடைஞ்சு மூட்டு விலகி, பாதத்தோட வளைவு கீழே இறங்கி, தொட்டில் அடிப்பாகம் மாதிரி ஆயிடும். துருத்தின இடத்துல அடுத்து புண்.

உணர்ச்சி போன கால், பல வருஷச் சர்க்கரை, அதிக உடல் எடை, முன்னாடி பட்ட அடி இருக்கிறவங்க உஷாரா இருக்கணும். உங்க புறங்கையை ரெண்டு பாதத்து மேலயும் மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்க. ஒரு கால் மட்டும் தெளிவா அதிகமா சுட்டா, ஊனாம அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சு மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்தா, பாதத்தோட வடிவத்தையே காப்பாத்தலாம்.

உங்க வீட்டு ஸ்கோர் கார்டு

பேனா எடுங்க. வீட்டுல சர்க்கரை இருக்கிறவங்களை நினைச்சுக்கிட்டு 'ஆமா', 'இல்லை' போடுங்க.

1. சர்க்கரை வந்து 10 வருஷத்துக்கு மேல ஆச்சா?

2. மூணு மாச சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி., டாக்டர் சொன்ன அளவைத் தாண்டியே நிக்குதா?

3. கால்ல எரிச்சல், மதமதப்பு, மரத்துப்போறது உண்டா? செருப்பு கழண்டது தெரியாம நடந்திருக்காங்களா?

4. நடந்தா கெண்டைக்கால் வலி, ஜில்லுன்னு பாதம் உண்டா?

5. சிகரெட், பீடி, புகையிலை?

6. விரல் வளைஞ்சிருக்கா? உள்ளங்கால்ல காய்ப்பு, கால் ஆணி?

7. வணக்கம் டெஸ்ட்ல சந்து தெரியுதா?

8. கண் பார்வை மங்கலா? குனிஞ்சு தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாத நிலையா?

9. கிட்னி பிரச்னை, டயாலிசிஸ்?

10. முன்னாடி எப்பவாவது கால்ல புண் வந்து ஆறியிருக்கா? விரல் எடுத்திருக்கா?

இதுல பாஸ் மார்க்கெல்லாம் கிடையாது. ஒரே ஒரு 'ஆமா' இருந்தாலும் அடுத்த செக்கப்ல செருப்பைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. பத்தாவது கேள்விக்கு 'ஆமா'ன்னா ரொம்ப சீரியஸ். ஆறின புண், ஒரு வருஷத்துக்குள்ள 10 பேர்ல சுமார் 4 பேருக்குத் திரும்ப வந்துடுது.

எந்தப் பிரச்னையும் இல்லாத காலா? வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்த்தாப் போதும். உணர்ச்சி குறைஞ்சிருந்தாலோ, ரத்த ஓட்டம் குறைஞ்சிருந்தாலோ 6-ல் இருந்து 12 மாசத்துக்கு ஒரு தடவை. அதோட பாதம் கோணியிருந்தா, இல்லைன்னா அந்த ரெண்டு குறையும் சேர்ந்தே இருந்தா 3-ல் இருந்து 6 மாசம். அந்தக் குறைகளோட முன்னாடி புண் வந்தவங்க, விரல் இழந்தவங்க, கிட்னி செயலிழந்தவங்கன்னா 1-ல் இருந்து 3 மாசம். இது உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றுற கணக்கு.

ரெண்டே நிமிஷம்... ஆறே விரல்!

டாக்டர்கிட்ட 10 கிராம் அழுத்தத்துல வளையிற நைலான் இழை இருக்கும். அதை வெச்சு உணர்ச்சி பார்ப்பார். அது இல்லாமலே வீட்டுல செய்யக்கூடிய டெஸ்ட் ஒண்ணை இங்கிலாந்துல இப்ஸ்விச் மருத்துவமனை டாக்டர்கள் உருவாக்கினாங்க. ஆய்வு 2011-ல் வெளியாச்சு. செலவு: ஜீரோ!

அப்பாவைக் கட்டில்ல காலை நீட்டி உட்காரச் சொல்லுங்க. சாக்ஸ் கூடாது. முதல்ல ரெண்டு காலையும் தொட்டு, 'இது வலது, இது இடது'ன்னு சொல்லிடுங்க. இனிமே அவர் கண்ணை மூடிக்கணும். நீங்க தொடும்போதெல்லாம் 'வலது' இல்லைன்னா 'இடது'ன்னு சொல்லணும்.

உங்க ஆள்காட்டி விரல் நுனியால, பூவைத் தொடற மாதிரி, ஒண்ணு ரெண்டு நொடி மட்டும் தொடுங்க. வரிசை இதுதான்: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். எல்லாமே விரல் நுனியில.

அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுகிச்சு மூட்டக் கூடாது. சொல்லலைன்னா மறுபடி தொட்டு சான்ஸ் கொடுக்கவும் கூடாது. அது 'தெரியலை'ன்னு கணக்கு. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். பயமுறுத்தாதீங்க, டாக்டரைப் பார்க்க நாள் குறிங்க. ஆறும் தெரிஞ்சுட்டாலும், 'பாஸ்'னு வருஷாந்தர செக்கப்பைக் கட் அடிக்காதீங்க.

வீட்டுல புது ரூல்ஸ்

தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கணும். உள்ளங்கால், குதிகால், முக்கியமா விரல் இடுக்கு. குனிய முடியலைன்னா கண்ணாடியைத் தரையில வெச்சுப் பார்க்கலாம். கண்ணும் சரியில்லைன்னா நீங்கதான் கண்ணாடி.

செருப்போ ஷூவோ, போடுறதுக்கு முன்னாடி தலைகீழாக் கவுத்துத் தட்டணும். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கணும். கல்லு, ஆணி, சில சமயம் சில்லறைக் காசுகூட இருக்கும்!

வெறுங்கால் கூடாது, வீட்டுக்குள்ளயும். கோயில் போகணுமா? மத்தியான வெயில்ல கருங்கல் பிராகாரம் வேண்டாம். காலையில சீக்கிரம் போகட்டும், சாக்ஸ் போட்டுக்கட்டும். பைக் பின்னாடி உட்காரும்போது சைலன்சர் மேல கால் படுதான்னு ஓட்டுற நீங்க பாருங்க. வெந்நீரோட சூட்டைக் கால்ல பார்க்கவே கூடாது, முழங்கையில பார்க்கணும். ஹாட் வாட்டர் பேக் காலுக்கு நோ.

கால் ஆணியை பிளேடால சீவறது, மெடிக்கல் ஷாப்புல கார்ன் கேப் வாங்கி ஒட்டறது, ரெண்டுமே தப்பு. கார்ன் கேப்ல இருக்கிற ஆசிட், ஆணியோட நல்ல தோலையும் அரிச்சிடும். நகத்தை ஓரம் வளைக்காம நேரா வெட்டணும். பித்தவெடிப்புக்குத் தேங்காயெண்ணெயோ கிரீமோ தடவலாம். விரல் இடுக்குல மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினா சேத்துப்புண் வரும்.

புதுச் செருப்பை சாயங்காலம் வாங்குங்க. நாள் முழுக்க நடந்து பாதம் லேசா வீங்கியிருக்கிற அளவுதான் சரியான அளவு. முன்னாடி கூம்பின ஷூ, கட்டைவிரல் வளையத்துல தொங்குற செருப்பு ரெண்டையும் தவிர்க்கணும். உணர்ச்சி போனவங்களுக்கு எது சரின்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.

இதெல்லாம் மீறி கால்ல புண், கொப்புளம், நிறம் மாறுறது, வீக்கம், சூடு, வாடை எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. கூடவே காய்ச்சலும் இருந்தா ராத்திரின்னுகூடப் பார்க்க வேண்டாம். 'மூணு நாள் பார்க்கலாம்'ங்கிறதுதான் இந்த நோயோட பெஸ்ட் ஃப்ரெண்ட். எங்க வீட்டுல நாங்க அந்த ஃப்ரெண்டை ஏழு நாள் உட்கார வெச்சு உபசரிச்சோம்.

அப்போ நாம?

உங்க கிளாஸ்லயே சின்ன வயசுல இருந்து இன்சுலின் போட்டுக்கிற டைப் 1 ஃப்ரெண்ட் யாராவது இருக்கலாம். அவருக்கு ஒரு நல்ல சேதி. 1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வுல, டைப் 1 சர்க்கரை இருந்த 1,441 பேரைப் பல வருஷம் கவனிச்சாங்க. சர்க்கரையைக் கறாராக் கட்டுப்பாட்டுல வெச்சவங்களுக்கு நரம்புப் பாதிப்பு சுமார் 60 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. அதனால கேன்டீன்ல அவர் இன்சுலின் போட ஒதுங்கினா முழிச்சுப் பார்க்காதீங்க. கூட நில்லுங்க.

அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் சர்க்கரை இருந்தா நீங்களும் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. எடையைக் குறைக்கிறது, தினமும் நடக்கிறது, 'ஸ்டைலுக்கு ஒண்ணு'ன்னு பத்த வைக்கிற சிகரெட்டை அணைக்கிறது எல்லாமே 20 வயசுல செஞ்சா 50 வயசுக் காலுக்குப் போடுற ஃபிக்சட் டெபாசிட்.

கடைசியா ஒரு வார்த்தை

அப்பா இப்போ நல்லா இருக்கார். எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கிட்டு அதே டீக்கடையில அதே அரசியல். நான் ஊருக்குப் போற ஒவ்வொரு தடவையும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அவர் காலை எடுத்து என் மடியில வெச்சுக்குவேன். ஆரம்பத்துல ரொம்பக் கூச்சப்பட்டார். "விடுடா, பையன் போய் காலைப் பிடிச்சுக்கிட்டு..."ன்னு இழுத்துக்குவார். இப்போ அவரே சாக்ஸைக் கழட்டிட்டு நீட்டுறார். கண்ணை மூடிக்கிட்டு "வலது... இடது..."ன்னு சின்னப் பையன் மாதிரி சொல்றார். வலது கால்ல தொட, சுண்டுவிரல் இல்லை. அந்த ஒரு நொடி ரெண்டு பேருமே ஒண்ணும் பேசமாட்டோம். அப்புறம் நான் அடுத்த விரலுக்குப் போயிடுவேன்.

எக்ஸாமுக்கு முன்னாடி, இன்டர்வியூவுக்கு முன்னாடி, பொங்கல், தீபாவளின்னு எத்தனை தடவை அந்தக் கால்ல விழுந்து எழுந்திருக்கோம்! ஒரு தடவையாவது அந்தக் காலைப் பார்த்திருக்கோமா?

இந்த வாரம் வீட்டுக்குப் போறீங்கதானே? அழுக்குத் துணி மூட்டையை வாசல்ல போட்டுட்டு, செல்போனை சார்ஜ்ல போட்டுட்டு, ரெண்டு நிமிஷம் கட்டில் ஓரமா உட்காருங்க.

"அப்பா... காலை நீட்டுங்க!"